வெடிக்காத தோட்டா

வீடியோ கேமில் வரும் துப்பாக்கிகள் எப்படிச் சுட வேண்டும் என்று முடிவு செய்வதுதான் என் வேலை. நாமக்கல்லில் யாராவது கேட்டால் "கம்ப்யூட்டர் வேலைங்க" என்று சொல்லி முடித்துக்கொள்வேன். முழுதாகச் சொன்னால் அடுத்தடுத்துக் கேள்விகள் வரும்.

கம்பெனி பெங்களூரில் இருக்கிறது. மிகச் சிறிய கம்பெனி. நான் எங்கள் வீட்டு மாடி அறையில் உட்கார்ந்தபடியே வேலை செய்கிறேன். நாங்கள் செய்துகொண்டிருந்தது ஒரு ஜாம்பி கேம். செத்தவர்கள் எழுந்து நடக்கிறார்கள், கடிக்கிறார்கள், கடிபட்டவர்களும் செத்து எழுகிறார்கள். மிச்சமிருக்கும் சிலர் உயிரோடு இருக்கப் பாடுபடுகிறார்கள். எங்கள் கேமின் தனித்தன்மை, கதை நடக்கும் ஊர். லாரிக்கு பாடி கட்டும் பட்டறைகள், ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிகள் நிற்கும் திடல், நீளநீளமான கோழிப் பண்ணைகள் என்று எங்கள் ஊரைப் போலவே ஓர் ஊரை உருவாக்கியிருந்தோம். அதனால் துப்பாக்கிகளும் இந்த ஊரில் கிடைக்கக்கூடியவையாகத்தான் இருக்க வேண்டும் என்று முடிவு செய்தோம். போலீஸ் ஸ்டேஷனில் இருக்கும் பழைய ரைஃபிள், வங்கிக் காவலாளியின் துப்பாக்கி, காட்டுப்பன்றி விரட்ட விவசாயிகள் உரிமம் வாங்கி வைத்திருக்கும் ஒற்றைக்குழல் துப்பாக்கி. அவ்வளவுதான்.

முதல் சோதனைப் பதிப்பைக் கொஞ்சம் பேருக்கு விளையாடக் கொடுத்தோம். ஊர் பிடித்திருக்கிறது, பிணங்கள் பிடித்திருக்கின்றன, துப்பாக்கிதான் சரியில்லை என்று எழுதினார்கள். கைக்கெட்டும் தூரத்தில் நிற்கும் பிணத்தைச் சுட்டால்கூட குண்டு பக்கத்துச் சுவரில் போய் அடிக்கிறது. ஒற்றைக்குழலின் தோட்டாவுக்குள் இருக்கும் சின்னச் சின்ன ரவைகள் பூவாளியில் இருந்து தண்ணீர் தெறிப்பது போலச் சிதறுகின்றன. "இதைச் செய்தவர் வாழ்க்கையில் ஒரு துப்பாக்கியையாவது பார்த்திருக்கிறாரா?" என்று ஒருவர் கேட்டிருந்தார்.

பார்த்திருக்கிறேன். வங்கி வாசலில். அது சுட்டு நான் பார்த்ததில்லை.

எனக்கு இயல்பாகவே கவலைப்படும் மனசு. வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போய்த் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பவள். அந்த ஒரு வரி என்னைத் தின்றது. அந்த வாரக் கூட்டத்தில் எங்கள் குழுத் தலைவரும் திரையில் தோன்றி அதையே கேட்டார். சென்னைக்காரர், எதையும் சிரித்துக்கொண்டேதான் கேட்பார்.

"சரி, உண்மையச் சொல்லுங்க. நம்ம டீம்ல யாராவது நிஜத் துப்பாக்கி வெடிச்சுக் கேட்டிருக்கீங்களா?"

எல்லோருடைய முகமும் அசையாமல் நின்றது. இணையம் துண்டிக்கப்பட்டுவிட்டதோ என்றுகூட நினைத்தேன். நான்தான் வாயைத் திறந்தேன்.

"எங்க மாமனார்கிட்ட ஒண்ணு இருக்கு."

சொன்ன பிறகுதான் என்ன சொல்லிவிட்டேன் என்று உறைத்தது.

மாமாவும் அத்தையும் எருமப்பட்டிப் பக்கம் தோட்டத்தில் இருக்கிறார்கள். மக்காச்சோளமும், குச்சிக்கிழங்கு என்று நாங்கள் சொல்லும் மரவள்ளியும்தான் வெள்ளாமை. கொல்லிமலை அடிவாரம் பக்கம் என்பதால் பன்றிகள் இறங்கும். மாமாவின் அப்பா காலத்து உரிமம், பிறகு மாமா பெயருக்கு மாறியது. துப்பாக்கி பீரோவில் ஒரு பழைய வேட்டியில் சுற்றிக் கிடந்தது. தேர்தல் வந்தால் எடுத்துப்போய் ஸ்டேஷனில் ஒப்படைப்பார், முடிந்ததும் திருப்பி வாங்கி வருவார். அவர் அதைக் கடைசியாக வெடித்து வருஷங்கள் ஆகியிருந்தன.

அவர் மறுத்துவிடுவார் என்ற நம்பிக்கையில்தான் போன் செய்தேன். அவரோ குழந்தை மாதிரி உற்சாகமாகிவிட்டார்.

"அதுக்கென்ன சாமி, வா. காட்டுல நிறுத்தி வெச்சு வெடிச்சுக் காட்டறேன். உங்க கம்ப்யூட்டர்ல நம்ம துப்பாக்கி வருதுன்னா சும்மாவா?"

என் கணவர் ரிக் வண்டியோடு மத்தியப் பிரதேசத்தில் இருந்தார். அவரிடம் சொன்னபோது, "அப்பா அதத் தொடச்சே ரொம்ப நாளாச்சு. பாத்து" என்றார். அந்தப் "பாத்து" போதாதா எனக்கு? அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை வரை படித்துத் தள்ளினேன். துப்பாக்கியை எப்படிப் பிடிக்க வேண்டும், யார் எங்கே நிற்க வேண்டும், என்னென்ன விபரீதங்கள் நடக்கலாம். ஒரு விஷயம் மட்டும் மனதில் ஆணியாக இறங்கிவிட்டது. சில சமயம் விசையை இழுத்தால் 'டிக்' என்று சத்தம் வரும், தோட்டா வெடிக்காது. வெடிக்காமலே போய்விடலாம். அல்லது உள்ளே எங்கோ கனன்றுகொண்டிருந்து கொஞ்சம் பொறுத்தும் வெடிக்கலாம். அப்போது குழலைத் திறந்துவிடக் கூடாது, யார் பக்கமும் திருப்பிவிடக் கூடாது. ஆளில்லாத பக்கம் பிடித்துக்கொண்டு காத்திருக்க வேண்டும்.

ஞாயிறு காலை தோட்டத்துக்குப் போனதும் முதல் வேலையாக இதைத்தான் மாமாவிடம் சொன்னேன்.

"எங்கப்பன் காலத்துல இருந்து வெடிக்கற துப்பாக்கி. அதெல்லாம் ஆவாது சாமி," என்று சிரித்தார். அத்தை மட்டும் என் முகத்தைப் பார்த்து, "ஏஞ்சாமி, இப்பிடி வேர்க்குது உனக்கு? மோர் குடிக்கறியா?" என்றார்.

பக்கத்துத் தோட்டத்துக்காரர்களிடம் மாமா முன்பே சொல்லி வைத்திருந்தார். முட்டைக்கோழிப் பண்ணை வைத்திருப்பவர் மட்டும், சத்தத்துக்குக் கோழி மிரண்டால் முட்டை குறைந்துவிடும், தூரமாகப் போய் வெடியுங்கள் என்றாராம். அதனால் அறுவடை முடிந்த சோளக்காட்டின் கடைக்கோடிக்குப் போனோம். அங்கே ஒரு வறண்ட குட்டை. அதன் கரை ஓர் ஆள் உயரத்துக்கு மேல் இருக்கும். கோழித்தீவனச் சாக்குகளில் வைக்கோல் திணித்துக் கரைக்கு முன்னால் கட்டினோம். ஒன்று அருகில், ஒன்று தள்ளி. வீடு குட்டைக்கு அந்தப் பக்கம் என்றாலும், அங்கே போகும் தடம் கரையைச் சுற்றி வெகுவாக விலகிப் போனது. அதை நானே நடந்து பார்த்து உறுதிசெய்துகொண்டேன்.

அத்தையை வீட்டிலேயே இருக்கச் சொன்னோம். "மூணு தோட்டாதான் எடுத்திருக்கறோம். மூணு வெடி கேட்டதுக்கப்பறம் டீ கொண்டா," என்றார் மாமா. "அதுக்கு முன்னால இந்தப் பக்கம் வரவே கூடாது அத்தை," என்று நான் வேறு சொன்னேன்.

உரிமம் மாமா பெயரில். துப்பாக்கியை நான் தொடவில்லை, தொடுகிற எண்ணமும் இல்லை. ஒலிப்பதிவுக் கருவியை ஒரு தாங்கியில் நிறுத்திவிட்டு மாமாவுக்குப் பின்னால், இடது பக்கம் தள்ளி நின்றேன். மாமா காதில் பஞ்சு வைத்துக்கொண்டார்.

முதல் வெடி. சினிமாவில் கேட்ட சத்தத்தின் சாயல்கூட அதில் இல்லை. பலகையால் காதோரம் ஓங்கி அறைந்த மாதிரி வறண்ட ஒரு அடி. நெஞ்சுக்கூட்டுக்குள் ஏதோ இடம் மாறியது போலிருந்தது. பிறகு மலைப்பக்கம் இருந்து அதே சத்தம் கனத்துத் திரும்பி வந்தது. மாமா ஒரு அடி பின்னால் வைத்துத் தோளைத் தேய்த்துக்கொண்டார்.

அருகில் இருந்த சாக்கைப் போய்ப் பார்த்தேன். நான் கேமில் செய்து வைத்திருந்த பூவாளித் தெறிப்பெல்லாம் அங்கே இல்லை. ரவைகள் அத்தனையும் ஒன்றாகப் போய் என் முஷ்டி நுழையும் அளவுக்கு ஒரே ஓட்டை போட்டிருந்தன. அவ்வளவு பக்கத்தில் ரவைகள் பிரிவதற்கு நேரமே இல்லை. பின்பக்கம் வைக்கோல் பிய்ந்து தொங்கியது. அந்த இடத்தில் ஒரு வயிறு இருந்திருந்தால் என்று நினைத்தேன். அதற்கப்புறம் சாக்கைப் பார்க்கப் பிடிக்கவில்லை.

இரண்டாவது வெடி தள்ளியிருந்த சாக்குக்கு. மாமா வெகுநேரம் குறி பார்த்தார். அவர் மூச்சுவிடும்போதெல்லாம் குழலின் முனை மேலும் கீழும் போய்வந்தது. முதல் முறை துப்பாக்கி பின்னுக்கு உதைத்ததில் தோள் வலித்திருக்க வேண்டும். அடுத்த உதையை எதிர்பார்த்து, விசையை இழுப்பதற்கு முன்பே கண்ணை மூடிக்கொண்டார். சாக்கு அசையவே இல்லை. கரையில்தான் மண் பறந்தது. மலை மறுபடியும் சத்தத்தைத் திருப்பித் தந்தது.

"காத்து அடிச்சுருச்சு," என்றார் மாமா. காற்றே இல்லை.

மூன்றாவது தோட்டாவைப் போட்டார். குறி பார்த்தார். விசையை இழுத்தார்.

டிக்.

அவ்வளவுதான். எங்கோ ஒரு செம்போத்து கத்தியது. மாமா, "வெடிக்கலையே," என்று சொல்லிக்கொண்டு என்னைப் பார்க்கத் திரும்பினார். அவர் திரும்ப, குழலும் கூடவே திரும்பியது. கறுத்த வட்டமாகக் குழலின் வாய் ஒரு நொடி எனக்குத் தெரிந்தது. வலது கைக் கட்டைவிரல், குழலை மடக்கித் திறக்கும் கொக்கியின் மேல் இருந்தது.

"திருப்பாதீங்க! திறக்காதீங்க மாமா! அந்தப் பக்கம், அந்தப் பக்கம்!"

நான் அப்படிக் கத்தி எங்கள் வீட்டில் யாரும் கேட்டதில்லை. நானே கேட்டதில்லை. மாமா திடுக்கிட்டுக் குழலைக் கரைப்பக்கம் திருப்பிக்கொண்டு அப்படியே நின்றுவிட்டார்.

"விரல வெளிய எடுங்க. விசையில இருந்து விரல எடுங்க மாமா."

பஞ்சு. அவருக்குக் கேட்கவில்லை. "என்ன சாமி?" என்றார் முகத்தைத் திருப்பாமல். நான் குனிந்து அவருடைய இடது பக்கமாகப் போய்க் காதில் இருந்த பஞ்சைப் பிடுங்கினேன்.

"உள்ள இன்னும் வெடிக்கலாமுங்க. விரல எடுத்துட்டு அசையாம நில்லுங்க. கொஞ்ச நேரம் இப்படியே இருக்கணும்."

விரலை எடுத்தார். கரைக்கு நேராகப் பிடித்தபடி நின்றோம். ஆபத்து தீர்ந்தது, இனி காத்திருந்தால் போதும் என்று மூச்சு விட்டேன். அப்போதுதான் கரையின் மேல் ஒரு தலை தெரிந்தது.

அத்தை. ஒரு கையில் டீத்தூக்கு, இன்னொரு கையால் புடவையைத் தூக்கிச் செருகியபடி, குட்டைக்குள் இறங்கி ஏறிக் குறுக்கே வந்துகொண்டிருந்தார். அவர் கரை மேல் ஏற, சற்று மேல்நோக்கி இருந்த குழல் நேராக அவர் இடுப்பைப் பார்த்தது.

மாமாவுக்கும் தெரிந்துவிட்டது. போ, போ என்று கையை ஆட்ட நினைத்து ஒரு கையை எடுத்தார். மறு கையில் இருந்த துப்பாக்கி தளர்ந்து ஆடியது. நான் அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டேன். மூட்டை ஏற்றிய சைக்கிளைத் திருப்புவது போல, அவரையும் அவர் பிடித்திருந்ததையும் சேர்த்து மெதுவாக வலது பக்கம், வெற்றுப் புழுதிக்காட்டைப் பார்த்துத் திருப்பினேன். குழலின் முனை தரையைப் பார்த்துத் தாழ்ந்தது.

"அத்தை! உக்காருங்க! அங்கயே உக்காருங்க!"

அத்தை நின்றுவிட்டார். "என்ன, பாம்பா?" என்றார்.

பாம்பு என்று நினைத்தவர் எப்படி உட்காருவார்? காலடியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டு கரையின் மேல் நட்டமாக நின்றார்.

"கரைக்கு அந்தப் பக்கம் எறங்குங்க அத்தை! உங்களக் கும்புடறேன், எறங்குங்க!"

என் முகத்தைப் பார்த்தாரோ, மாமாவின் நிற்பைப் பார்த்தாரோ, ஏதோ புரிந்தது. அப்படியே பின்னால் சறுக்கி இறங்கினார். தூக்கு கல்லில் மோதும் சத்தம் கேட்டது.

எவ்வளவு நேரம் நின்றோம் என்று தெரியாது. படித்ததைவிடப் பல மடங்கு நேரம் நிற்க வைத்தேன் என்பது நிச்சயம். "கை கடுக்குது சாமி," என்றார் மாமா. அவர் அப்படியே மண்டி போட்டு உட்கார, குழல் விலகாமல் நானும் கூடவே உட்கார்ந்தேன். வெயில் கழுத்தில் சுட்டது.

கடைசியில் அவரே, "தெறக்கட்டுமா?" என்று என்னிடம் கேட்டார். நான் தலையசைத்தேன். குழலை மடக்கித் தோட்டாவை எடுத்துப் புழுதியில் வைத்தார். அதன் அடியில், நடுவில், பேனா முனையால் குத்தியது போலச் சின்னதாக ஒரு பள்ளம். விசையை இழுத்ததும் தோட்டாவைக் குத்தும் ஊசி சரியாகத்தான் அடித்திருக்கிறது. பழைய தோட்டா, உள்ளே ஈரம் இறங்கியிருக்கும். அது வெடிக்கப் போவதே இல்லை. ஆனால் அது எங்களுக்கு எப்படித் தெரியும்?

அத்தையைக் கூப்பிட்டேன். முழங்கையில் சிராய்ப்போடு ஏறி வந்தார். நடந்ததைச் சொன்னேன். அவருக்குப் பயத்தைவிடக் கோபம்தான் வந்தது.

"மூணு வெடி கேட்டு வரச் சொன்னீங்க. நான் நாலு கேட்டுட்டுத்தான் கெளம்புனேன்!"

"ரெண்டுதானுங்க அத்தை வெடிச்சது."

"எனக்கென்ன காது கேக்காதா? நாலு கேட்டுது. டீ ஆறிப்போவுமேன்னு குறுக்கால வந்தேன்."

மலையில் இருந்து திரும்பி வந்ததையும் சேர்த்து எண்ணியிருக்கிறார். எத்தனையோ விபரீதங்களைப் படித்து வைத்திருந்த நான், எதிரொலியை யோசிக்கவே இல்லை.

மாமா வரப்பில் உட்கார்ந்துகொண்டார். அத்தை ஊற்றிக் கொடுத்த டீயைக் கையில் வைத்திருந்தார், குடிக்கவில்லை. யாரையும் பார்க்காமல், "அவ மேல பட்டிருந்தா?" என்றார். அத்தை, "அதான் படலையே, டீயக் குடிங்க," என்று சொல்லிவிட்டு முகத்தை முந்தானையில் துடைத்துக்கொண்டார்.

ஒலிப்பதிவுக் கருவி அத்தனையையும் பதிவு செய்திருந்தது. வீட்டுக்கு வந்து சில நாள் அதைத் திறக்கவில்லை. பிறகு திறந்தபோது, எனக்குத் தேவைப்பட்டது இரண்டு வெடிச் சத்தங்கள்தான். ஆனால் நான் திரும்பத் திரும்பக் கேட்டது அந்த 'டிக்'கையும் அதற்குப் பின் வந்த மூச்சுச் சத்தங்களையும்தான்.

வேலையை முதலில் இருந்து தொடங்கினேன். அதுவரை என் கேமில் துப்பாக்கிதான் தவறியது. குண்டு எங்கே போக வேண்டும் என்று கணினி சீட்டுக் குலுக்கிப் போட்டு முடிவு செய்தது. அதை எடுத்துவிட்டேன். இனி குழல் எங்கே பார்க்கிறதோ அங்கேதான் குண்டு போகும். ஆனால் குழல் நிலையாக நிற்காது. மூச்சில் ஏறி இறங்கும். ஓடி வந்தவன் கையில் ஆடும். ஒரு முறை தோளில் உதை வாங்கியவன் அடுத்த முறை சுடும்போது, கண்ணை மூடுவது போலத் திரை ஒரு கணம் இருளும். கூட வரும் ஆட்கள் குறுக்கே வருவார்கள், நிஜ மனிதர்களைப் போலவே, சொன்ன பேச்சைக் கேட்காமல்.

பழைய தோட்டாக்களுக்கு மட்டும் சில சமயம் வெடிக்காமல் போகும் வழியையும் சேர்த்தேன். குழுத் தலைவருக்கு மற்றதெல்லாம் மிகவும் பிடித்தது. இதற்கு மட்டும் தலையைச் சொறிந்தார்.

"பிணம் கூட்டமா வந்துட்டிருக்கு. டிக்-னு சத்தம் மட்டும் வருது. பிளேயர் காத்திருக்கணுமா? யார் காத்திருப்பா?"

"காத்திருக்க வேண்டாம். உடனே திறந்து வேற தோட்டா போடலாம். அநேகமா ஒண்ணும் ஆகாது."

"அநேகமான்னா?"

"எப்பவாவது கையிலயே வெடிக்கும்."

"ரொம்பக் கொடூரம் இது," என்றார். ஆனாலும் சோதித்துப் பார்க்கச் சம்மதித்தார். எங்கள் குழுவில் ஒலி வேலை பார்க்கும் பெண் விளையாடினாள், நாங்கள் எல்லோரும் திரையில் பார்த்துக்கொண்டிருந்தோம். கோழிப்பண்ணைக்குள் அவளை நோக்கிப் பிணங்கள் வந்தன. டிக். அவள் திறக்கவில்லை. குழலைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு பின்னால் நகர்ந்தாள், நகர்ந்தாள், கடைசியில் துப்பாக்கிக் கட்டையைத் திருப்பி முதல் பிணத்தின் மண்டையில் அடித்தாள். "ஐயோ, எனக்குக் கை வேர்த்துப்போச்சு," என்று சிரித்தாள். எல்லோரும் கை தட்டினார்கள். நான் கேமராவை அணைத்துவிட்டு எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன்.

வெளியான கேமில் அது இருக்கிறது. ஆனால் கடினமான ஆட்டநிலையில் மட்டும், அதிலும் வேண்டாம் என்றால் அணைத்துக்கொள்ளலாம். பெரும்பாலானவர்கள் அணைத்துவிட்டுத்தான் விளையாடுகிறார்கள் என்று கேள்வி. எனக்கு அதில் வருத்தமில்லை. நானே அதை அணைத்துவிட்டுத்தான் விளையாடுகிறேன்.

மாமா அடுத்த தேர்தலுக்குத் துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைத்தார், அந்தத் தோட்டாவோடு சேர்த்து. தேர்தல் முடிந்தும் போய் வாங்கவில்லை. பிறகு உரிமமே வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். பங்காளிகளுக்குக் கோபம், அப்பன் பாட்டன் வைத்திருந்ததை இப்படியா விடுவது என்று. மாமா யாரிடமும் காரணம் சொல்லவில்லை. அத்தையும் சொல்லவில்லை.

போன மாதம் ஒரு காலையில் மாமா போன் செய்தார். குச்சிக்கிழங்குக் காட்டில் பன்றி இறங்கி ஒரு மூலையையே கிளறிப் போட்டுவிட்டதாம்.

"நீங்க வெளிய போனீங்களா மாமா?"

"போகல சாமி. லைட்டப் போட்டுட்டுச் சன்னல்ல நின்னு பாத்தோம், நானும் உங்க அத்தையும். தகரத்தத் தட்டுனேன், அதுக எங்க கேக்குது?" பிறகு, "குட்டியெல்லாம் கூட்டிட்டு வந்திருந்துது. வரிவரியா இருக்குது, அணில் குஞ்சாட்ட," என்றார்.

பின்னால் அத்தை ஏதோ சொல்வது கேட்டது. என்ன என்று கேட்டேன்.

"கதவத் தாப்பாப் போட்டுட்டுத்தான் பாத்தோமாம். உங்கிட்டச் சொல்லச் சொல்றா," என்றார் மாமா.